கேன்சர் வந்த வீட்டுல ரெண்டு பேரும் உறங்கணும்: தூக்க மாத்திரை இல்லாம செய்ய வேண்டியது ஒவ்வொண்ணா

என் வீட்டுக்காரிக்கு மார்புல கட்டின்னு தெரிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு, கீமோ மருந்து ஏத்த ஆரம்பிச்சு மூணாவது மாசம். முக்கூடல்ல எங்க வீட்டுல கட்டில் ஒண்ணுதான், அவ சுவர் பக்கம், நான் வாசல் பக்கம். ராத்திரி விளக்கை அணைச்சதும் ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டு அசையாம கெடப்போம். நான் புரண்டா அவ முழிச்சிருவாளேன்னு நான் அசையமாட்டேன், அவ எந்திரிச்சா காலைல வண்டி ஓட்டப் போற மனுஷன் உறக்கம் கெட்டுருமேன்னு அவ அசையமாட்டா. ஒருநாள் நடுச்சாமத்துல மெதுவா "என்னங்க, முழிச்சிருக்கியளா?"ன்னா. "ஆமா"ன்னேன். "எத்தனை நாளா?"ன்னா. அதுக்கு எனக்குப் பதில் சொல்ல முடியல, ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்து அழுதோம். மாசக்கணக்கா ஒருத்தருக்கு ஒருத்தர் உறங்குத மாதிரி நடிச்சிருக்கோம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அதுக்கடுத்த வாரம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியக்காலம் மூணு மணிக்குக் குட்டியானை வண்டியில தக்காளி லோடு ஏத்திட்டுப் போறேன், ஆலங்குளம் ரோட்டுல கண்ணு ஒரு நொடிதான் மூடியிருக்கும், டயர் தாரை விட்டு மண்ணுல இறங்குன சத்தத்துல முழிச்சேன், எதுக்க புளியமரம். வண்டியை ஓரம் கட்டிட்டு ஸ்டீரிங்கைப் பிடிச்சபடியே அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். அவளுக்கு வைத்தியம் பாக்குறதுக்கு நான் உயிரோட இருக்கணும்ல. அதனாலதான் சொல்லுதேன், கேன்சர் வீட்டுல உறக்கம்னா அது நோயாளிக்கு மட்டும் உள்ள பிரச்சினை கிடையாது, கூட இருந்து பாக்கவங்களுக்கும் சேத்துத்தான் பாக்கணும். ஒருத்தரை மட்டும் உறங்க வைக்கப் பாத்தா ரெண்டு பேருக்கும் உறக்கம் வராது.

பொறவு ஒரு கவுன்சிலிங் மேடம் எங்களுக்கு இதைப் பையப் பைய சொல்லிக்கொடுத்தாவ. சி.பி.டி.ஐ.ன்னு பேரு, உறக்கத்தைக் கெடுக்குற பழக்கத்தையும் நெனப்பையும் மாத்துற சிகிச்சை. 2016ல அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒண்ணு, ரொம்ப நாளா உறக்கம் இல்லாத பெரியவங்களுக்கு மாத்திரைக்கு முன்னாடி முதல்ல இதைத்தான் கொடுக்கணும்னு சொல்லியிருக்கு, கேன்சர் நோயாளிகளுக்கும் இதைக் கொடுத்துப் பாத்து பலன் இருக்குன்னு ஆராய்ச்சிகள் இருக்கு. நான் டாக்டர் இல்ல, டிரைவர். நாங்க செஞ்சதையும், எதைச் செய்யக்கூடாதுன்னு எங்களுக்குச் சொன்னதையும் அப்படியே எழுதுதேன். ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுதவங்க இதைப் படிச்சுட்டு படக்குன்னு நிறுத்திராதீங்க, சில மாத்திரையை திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரும், டாக்டர்கிட்ட கேட்டுத்தான் குறைக்கணும். அதே மாதிரி பக்கத்துவீட்டு அக்கா குடுத்தாவன்னு சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கிப் போடுறதும், மூலிகைப் பொடி, அஸ்வகந்தான்னு டாக்டர்கிட்ட சொல்லாம குடிக்கிறதும் வேண்டாம், கீமோ மருந்தோட அது என்ன செய்யும்னு நமக்குத் தெரியாது.

ஆரம்பிக்கதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல ஏத்திக்கிடணும். உறக்கம் கெட ஆரம்பிச்ச காரணம் வேற, அது சரியாகாமலே நிக்கதுக்குக் காரணம் வேற. ஆரம்பிச்சது நோயால, பயத்தால, ஸ்டீராய்டால, வலியால. அதுக்கப்புறம் நாம என்ன செய்யுதோம், ராத்திரி உறங்கலையேன்னு பகல் பூரா படுக்கோம், எட்டு மணிக்கே கட்டிலுக்குப் போறோம், அங்கன கெடந்து மணி பாக்கோம், போன் நோண்டுதோம், நாளைக்கு எப்படி ஆஸ்பத்திரி போறதுன்னு கணக்குப் போடுதோம். கட்டிலைப் பாத்தாலே உடம்புக்கு கவலைப்படுற இடம்னு பழகிப்போகுது. முதல் காரணத்தை டாக்டர் பாக்கணும், ரெண்டாவதை நாம பாக்கணும். ரெண்டும் வேணும்.

முதல் வேலை: டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய சீட்டு

ஓ.பி.யில நம்ம முறை வரும்போது எல்லாம் மறந்துபோகும், அதனால ஒரு சீட்டுல எழுதி ஃபைலோட முதல் பக்கத்துல குத்தி வச்சிருங்க. எங்க சீட்டுல முதல் கேள்வி டெக்சாமெத்தசோன் பத்தி. கீமோவுக்கு வாந்தி வராம இருக்கவும் அலர்ஜி வராம இருக்கவும் அந்த ஸ்டீராய்டு குடுப்பாவ, அது ஆளை முழிக்க வைக்கும், படபடன்னு இருக்கும், நடுராத்திரி பாத்திரம் வெளக்கலாமான்னு தோணும். எங்களுக்கு ரெண்டு வேளை எழுதியிருந்தாவ, நாங்களா ரெண்டாவதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பொறவு போட்டுட்டு இருந்தோம். கேட்டதுக்கு, காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு மாத்திக் குடுத்தாவ. அந்த ஒரு கேள்வியில மட்டும் எங்களுக்கு மாசத்துல நாலஞ்சு ராத்திரி மிச்சமாச்சு. நீங்களா நேரத்தை மாத்தாதீங்க, நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க, கேட்டு மாத்துங்க. நீர் பிரியுத பிரஷர் மாத்திரை இருந்தா அதையும் காலைல போடலாமான்னு கேளுங்க.

வலி இருந்தா அதை முதல்ல சொல்லுங்க. மாத்திரை இல்லாம உறங்கணும்னு சொல்லுதது தூக்க மாத்திரையைத்தான், வலி மாத்திரையை இல்ல. வலியோட ஒருத்தரை உறங்கச் சொல்லுதது கொடுமை. மார்ஃபின் மாதிரி மருந்தை இத்தனை மணிக்கு ஒருக்கன்னு குடுத்திருந்தா வலி வந்த பொறவு பாத்துக்கிடலாம்னு இழுக்காதீங்க, நேரத்துக்குப் போடணும். இன்னும் சீட்டுல எழுத வேண்டியது: படுத்ததும் கால் இழுத்துக்கிட்டு ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல இருக்கா (ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவுல இது வரும்), பெருசா கொறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதா, மல்லாக்கப் படுத்தா மூச்சு வாங்குதா, அரிப்பு இருக்கா, எதுலயுமே மனசு ஒட்டாம சாவு நெனப்பாவே இருக்கா. இதுக்கெல்லாம் தனித்தனியா வைத்தியம் இருக்கு, பாயை மாத்திப் போட்டா சரியாகாது.

காய்ச்சல் மட்டும் சீட்டுல எழுதி அடுத்த ஓ.பி. வரைக்கும் காத்திருக்கக் கூடாது. கீமோ நடக்கும்போது 100.4 டிகிரிக்கு மேல போனா ராத்திரி எத்தனை மணின்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சிட்டுக் கெளம்பிருங்க. வெள்ளையணு குறைஞ்ச நேரத்துல காய்ச்சல் உயிருக்கே ஆபத்து, காலைல பாப்போம்னு விடக்கூடாது.

ரெண்டாவது: ஒரு நோட்டு, ரெண்டு பத்தி

40 பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. இடது பக்கம் நோயாளி, வலது பக்கம் கூட இருக்கவங்க. காலைல எந்திரிச்ச பொறவு மட்டும் எழுதணும், ராத்திரி மணி பாத்து எழுதக்கூடாது. எத்தனை மணிக்குக் கட்டிலுக்குப் போனோம், உத்தேசமா எப்பம் உறங்கினோம், எத்தனை தடவை முழிச்சோம், எப்பம் எந்திரிச்சோம், பகல்ல எவ்வளவு உறங்கினோம், டீ காபி எப்பம், கீமோ நாளா இல்லையா. இவ்வளவுதான், ஒரு வாரம் ரெண்டு வாரம் எழுதுங்க.

எங்க நோட்டுல முதல் வாரம் அவளுக்கு: ராத்திரி எட்டரைக்குப் படுக்கா, காலைல அஞ்சரைக்கு எந்திரிக்கா, கட்டில்ல 9 மணி நேரம், உறங்குனது கூட்டிக் கழிச்சு 5 மணி நேரம். நூத்துக்கு 55 தான் உறக்கம், மீதி எல்லாம் இருட்டுல முழிச்சிட்டுக் கெடந்தது. பகல்ல விட்டு விட்டு ரெண்டரை மணி நேரம் உறக்கம். இதைப் பாத்தபொறவுதான் அவ சொன்னா, "நான் உறங்கவே இல்லன்னு நெனச்சேன், உறங்கத்தான் செய்யுதேன், நேரந்தான் தாறுமாறா இருக்கு". அந்த நெனப்பே பாதி பயத்தைக் குறைச்சிட்டு.

மூணாவது: எந்திரிக்கிற நேரத்தைப் பிடிங்க

எல்லாரும் படுக்கிற நேரத்தைப் பிடிக்கப் பாக்கோம், உறக்கம் நாம கூப்பிட்டா வராது. எந்திரிக்கிறது நம்ம கையில இருக்கு. ராத்திரி எப்படிப் போனாலும் சரி, ஞாயித்துக்கிழமையானாலும் சரி, எங்க வீட்டுல அஞ்சரை. எந்திரிச்ச உடனே வெளிச்சத்துக்குப் போகணும். நாங்க தார்சாவுல, அதாவது வீட்டு முன் தாழ்வாரத்துல, ரெண்டு நாற்காலி போட்டு கெழக்கப் பாத்து அரைமணி நேரம் உக்காருவோம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் ராத்திரி எப்பம் உறங்கணும்னு கணக்கு வைக்கும். கரண்டு வைக்கிற ரேடியேஷன் நடந்துட்டு இருந்தா அந்த இடத்துத் தோலைத் துணியால மூடிக்கிடுங்க. வீட்டைவிட்டு வர முடியாதவங்க சன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டாலும் போதும்.

நாலாவது: கட்டில் உறங்கதுக்கு மட்டும்

இதுதான் கஷ்டமானது, இதுலதான் பலனும் அதிகம். 1972ல ரிச்சர்ட் பூட்சின்னு ஒரு அமெரிக்க மனநல ஆராய்ச்சியாளர் எழுதினது, கட்டிலுக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பை மறுபடி உண்டாக்கணும்னு. உறக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குப் போகணும், கெடந்து உறக்கம் வரலன்னா எந்திரிச்சு வேற இடத்துல உக்காரணும், திரும்பக் கண்ணு சொக்கினா போகணும், எத்தனை தடவையானாலும். ஒரு 20 நிமிஷம் போல தோணினா போதும், மணி பாக்க வேண்டாம், கடிகாரத்தையும் போனையும் அடுக்களையில கொண்டு வச்சிருங்க.

கேன்சர் வீட்டுக்கு இதுல ரெண்டு மாத்தம் வேணும். ஒண்ணு, பகல்ல படுக்காம இருக்க முடியாது, சீணம் அப்படி இருக்கும், அது சோம்பேறித்தனம் கிடையாது. அதனால பகல் படுக்கைக்கு வேற இடம் வையுங்க. நாங்க பட்டாசால்ல (முன்கூடத்துல) ஒரு பத்தமடைப் பாய் விரிச்சு ரெண்டு தலவாணி போட்டோம், உள்ள இருக்குற கட்டில் ராத்திரிக்கு மட்டும். பாய்ல இருந்து எந்திரிக்க முட்டு வலிக்கும்னா ஈஸிசேர் போடுங்க. ஒரே அறை உள்ள வீடுன்னா பகல்ல தலை வச்ச பக்கம் ராத்திரி கால் வர்ற மாதிரி மாத்திப் படுத்து, போர்வையையாவது மாத்துங்க, அதுவும் வேலை செய்யும்.

ரெண்டாவது மாத்தம் விழுந்துருவோம்ங்கிற பயம். கீமோவுல சில பேருக்குக் கால் மரத்துப்போகும், எந்திரிச்சா தலை சுத்தும், எலும்புக்குப் பரவுனவங்க விழுந்தா எலும்பு முறியும். அவங்களை எந்திரிச்சுப் போய் உக்காருன்னு சொல்லவே கூடாது. கட்டில்லயே முதுகுக்குத் தலவாணி குடுத்து நிமிந்து உக்காந்து, சின்ன வெளிச்சத்துல ஏதாவது கையால செய்யட்டும். என் வீட்டுக்காரி கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து பீடி சுத்தினவ, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துத கை. நோய் வந்த பொறவு புகையிலைத் தூள்ல உக்காரவே கூடாதுன்னு தட்டை எடுத்து மச்சுல போட்டுட்டோம், அந்தக் கைக்கு வேலை இல்லாம அவ தவிச்சதை நான் பாத்தேன். ராத்திரி எந்திரிச்சு உக்காரும்போது பழைய காட்டன் சேலையைக் கிழிச்சு சின்னச் சின்னதா மடிச்சு வைப்பா, அளவு பிசகாம, ஓரம் ஓரத்தோட சேந்து, இலை வெட்டுத மாதிரியே. பதினஞ்சு இருபது மடிச்சதும் கண்ணு சொக்கிரும். காலைல அந்தத் துணியெல்லாம் வேர்வை தொடைக்க ஆகும். மனசு ஓடாம கை மட்டும் ஓடுற வேலை எதுன்னு உங்க வீட்டுல யோசிச்சுப் பாருங்க, பூ கட்டுறது, புளி ஆயிறது, ஜெபமாலை உருட்டுறது, எதுவானாலும் சரி. போன் மட்டும் வேண்டாம்.

அஞ்சாவது: கட்டில் நேரத்தைக் குறைக்கிறது

கேட்டா வினோதமா இருக்கும், உறக்கம் இல்லாதவங்களைப் போய் நேரங்கழிச்சுப் படுக்கச் சொல்லுதது. ஆனா 9 மணி நேரம் கட்டில்ல பரவிக் கெடக்குற 5 மணி நேர உறக்கத்தை இறுக்கிப் பிடிச்சாத்தான் அது கெட்டியாகும். மத்தவங்களுக்கு ஒரேயடியா குறைப்பாவ, நமக்கு அப்படி வேண்டாம், வாரத்துக்கு அரைமணி போதும். எந்திரிக்கிற நேரம் மாறாது, படுக்கிற நேரந்தான் தள்ளும். அவளுக்கு முதல் வாரம் ஒம்பது மணி, அடுத்த வாரம் ஒம்பதரை, பத்து, நாலாவது வாரம் பத்தரை. அப்பம் கட்டில்ல 7 மணி நேரம், உறங்குனது 6 மணி நேரம். நூத்துக்கு 85க்கு மேல வந்துட்டுன்னா திரும்ப கால்மணி கால்மணியா கூட்டலாம். ஆறு மணி நேரத்துக்குக் கீழ குறைக்க வேண்டாம், கீமோ ஏறுன வாரத்துல இதைத் தொடவே வேண்டாம். முதல் ஒண்ணு ரெண்டு வாரம் பகல்ல சொக்கும், அப்படித்தான் இருக்கும், விட்டுராதீங்க.

யாரு செய்யக்கூடாதுன்னா, வலிப்பு உள்ளவங்க, மனநிலை ஒருநேரம் உச்சத்துலயும் ஒருநேரம் பாதாளத்துலயும் போற பைபோலார் நோய் உள்ளவங்க, விழுந்துருவோம்னு பயம் உள்ளவங்க, வண்டி ஓட்டுதவங்க, மிஷின்ல வேலை பாக்கவங்க. நான் வண்டி ஓட்டுதவன், நான் இந்தப் படியைச் செய்யல.

பகலும் சாயந்தரமும்

பகல் உறக்கம் 20, 30 நிமிஷம், மூணு மணிக்கு முன்னாடி, அலாரம் வச்சு. கீமோ முடிஞ்ச ரெண்டு மூணு நாள் இந்தக் கணக்கு வேண்டாம், உடம்பு கேக்கதைக் குடுங்க. நடை ரொம்ப முக்கியம். சீணமா இருக்குறப்ப நடந்தா இன்னும் சீணமாகும்னுதான் நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லுவாவ, "சும்மா படுத்துக்க தாயி"ம்பாவ, அது பாசம், ஆனா கேன்சர் சீணத்துக்கு மெதுவா நடக்குறது நல்லதுன்னு நிறைய ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. வாசல்ல இருந்து முடுக்கு கடைசி வரைக்கும் போயிட்டு வாரது, அஞ்சு நிமிஷம், அடுத்த வாரம் பத்து. பாளையங்கோட்டையில இருக்கவங்க வ.உ.சி. மைதானத்துப் பக்கம் போங்க, வெள்ளையணு குறைஞ்ச வாரத்துல கூட்டத்துக்குள்ள போகாம மொட்டை மாடியில நடங்க.

டீ காபி மத்தியானத்தோட சரி. குடிச்ச காபியில பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புக்குள்ள இருக்கும், நம்ம ஊர்ல சாயந்தரம் அஞ்சு மணி டீயை விடச் சொன்னா கஷ்டந்தான், நாங்க சுக்கு, மல்லி போட்டு கருப்பட்டித் தண்ணிக்கு மாறினோம், சுகர் உள்ளவங்க கருப்பட்டி இல்லாம குடிங்க. நெறைய தண்ணி குடிக்கச் சொல்லியிருந்தா காலைல இருந்தே குடிச்சு சாயந்தரம் ஆறுக்குள்ள முக்கால்வாசியை முடிங்க, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகாம இருக்கலாம். மலம் சேர வயித்துல பை வச்சிருக்கவங்க படுக்கப் போறதுக்கு முன்னாடி காலி பண்ணிருங்க. ராத்திரி சாப்பாடு ஏழரைக்குள்ள.

பாக்க வாரவங்க விஷயத்தைக் கொஞ்சம் மனசைக் கல்லாக்கிட்டுத்தான் சொல்லுதேன். நம்ம பக்கம் ஒருத்தருக்கு நோய்னா ஊரே திரண்டு வரும், நல்ல மனசுதான். ஆனா வேலை முடிஞ்சு எட்டரை மணிக்கு ஆப்பிள் பையோட வந்து உக்காந்து, எங்க சித்திக்கு இதே மாதிரிதான் வந்துச்சு, அவ ஆறே மாசத்துலன்னு ஆரம்பிப்பாவ. அவங்க போன பொறவு அன்னைக்கு ராத்திரி போச்சு. எங்க மதினிதான் பொறுப்பு எடுத்து எல்லாருக்கும் போன் போட்டு "நாலுல இருந்து ஆறு வரைக்கும் வாங்க, காச்சல் சளி இருந்தா வராதீங்க"ன்னு சொன்னாவ. நோயாளியோ துணையோ சொன்னா சங்கடம், மூணாவது ஆள் சொன்னா யாரும் தப்பா எடுக்க மாட்டாவ. கோயில் கொடை நேரத்துல மைக் செட் குழாய் உங்க வீட்டைப் பாத்துக் கட்டியிருந்தா கமிட்டிக்காரவங்ககிட்ட முன்னாடியே போய்ச் சொல்லுங்க, கேப்பாவ. ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்கு சட்டத்துலயே கட்டுப்பாடு இருக்கு, திருவிழாவுக்கு விலக்கு வாங்கினாலும் ராத்திரி 12க்கு மேல கிடையாது.

உடம்பு குபீர்னு தீ மாதிரி எரிஞ்சு வேர்த்து ஊத்துறது, டாமாக்சிஃபென், லெட்ரசோல்னு மார்புக் கேன்சருக்கான ஹார்மோன் மாத்திரை போடுத பொம்பளையளுக்கு இது ராத்திரி உறக்கத்தைத் தின்னுரும். காட்டன் நைட்டி, தலமாட்டுல மாத்துத் துணி, கிண்ணத்துல தண்ணியும் துண்டும், டேபிள் ஃபேன் கால் பக்கம் இருந்து மேல வர்ற மாதிரி. ஃபோம் மெத்தை சூட்டைப் பிடிக்கும், அதுக்கு மேல கோரைப் பாய் விரிச்சா நல்லா இருக்கு. ஆபரேஷன் செஞ்ச பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியாம இருந்தா கைக்கு அடியில சின்னத் தலவாணி ஒண்ணு குடுங்க, தோள்ல இழுக்காது.

மனசுல ஓடுறதுக்கு ஒரு நேரம்

கவலைப்படாதேன்னு சொன்னா யாருக்கும் கவலை போகாது. அதுக்கு ஒரு நேரத்தை ஒதுக்குங்க. எங்களுக்கு சாயந்தரம் ஆறு மணி, கால்மணி நேரம், அதே நோட்டோட கடைசிப் பக்கம். ஒரு பக்கம் நாளைக்கே ஏதாவது செய்யக்கூடியது: காப்பீட்டு அட்டை ஜெராக்ஸ் எடுக்கணும், திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கெட் போடணும், மகன் பீஸ் கட்டணும். அடுத்த பக்கம் நம்மால ஒண்ணும் செய்ய முடியாதது: ஸ்கேன்ல என்ன வருமோ. முதல் பக்கத்துல உள்ளதுக்கு எதிர்ல யார் செய்யுறது எப்பம்னு எழுதிருவோம். ரெண்டாவது பக்கத்துல உள்ளதை வாய்விட்டு வாசிச்சு, கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்போம். ராத்திரி அந்த நெனப்பு வந்தா, நோட்டுல இருக்கு, நாளைக்கு ஆறு மணிக்குப் பாத்துக்கிடலாம்னு மனசுக்குச் சொல்லணும். முதல்ல கேக்காது, ரெண்டு வாரத்துல கேக்க ஆரம்பிச்சிட்டு.

படுக்கதுக்கு முன்னாடி மூச்சு: மூக்கால நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுறது, பத்து நிமிஷம். இழுக்குறதைவிட விடுறது நீளமா இருக்கணும், அவ்வளவுதான். பொறவு கால் விரல்ல இருந்து ஒவ்வொரு இடமா இறுக்கி விடுறது, ஆபரேஷன் செஞ்ச பக்கத்துக் கையையும் வலி உள்ள இடத்தையும் விட்டுருங்க. தேவாரமோ, சங்கீதமோ, யாசீனோ, உங்க வீட்டுல எது ஓதுவீங்களோ அதை மெல்லிசா வையுங்க.

கூட இருக்கவங்களுக்கு

இதை நின்னு நிதானமா படிங்க, ஏன்னா உங்களைப் பத்தி எந்த டாக்டரும் கேக்கமாட்டாவ. துணைக்கு இருக்கவங்க உறங்காதது அறிகுறி இல்ல, காவல். காது அவளோட மூச்சுமேலேயே இருக்கும், அவ ஒரு இருமல் இருமினா நான் எந்திரிச்சு உக்காந்துருவேன். அந்தக் காதை நானா அணைக்க முடியாது, காதோட வேலையை வேற ஒண்ணுகிட்ட குடுக்கணும். நாங்க டவுன்ல ஒரு ரிமோட் காலிங் பெல் வாங்கினோம், சுவிட்ச் அவ தலமாட்டுல, மணி என் பக்கத்துல. கட்டிலை அவளுக்கு விட்டுட்டு நான் அதே அறையில நாலடி தள்ளி பாய்ல படுத்தேன். தனித்தனியா படுக்குறது மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, அவதான் சொன்னா, "உறக்கத்துக்குத்தானங்க தள்ளிப் படுக்கோம், வேற எதுக்கும் இல்லையே"ன்னு. படுக்கதுக்கு முன்னாடி கால்மணி நேரம் அவ பக்கத்துல உக்காந்து கால் பிடிச்சு விடுவேன், பொறவுதான் பாய்க்குப் போவேன். ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டோம்: வேணும்னா மணி அடிக்கணும், எனக்காகப் பாத்துப் பொறுத்துக்கிடக்கூடாது. மணி அடிக்கலன்னா வேண்டாம்னு அர்த்தம், நான் எட்டிப் பாக்கக்கூடாது. உறங்குத மாதிரி நடிக்கவே கூடாது. முதல் மூணு நாள் ராத்திரி மணி அடிக்காதான்னு காத்துக்கிட்டுக் கெடந்தேன், நாலாவது நாள் உறங்கினேன்.

அவ கை எட்டுத இடத்துல ஒரு ஸ்டூல் போட்டு எல்லாம் வைக்கணும்: வெந்நீர் ஃபிளாஸ்க், வாந்திக்குக் கிண்ணம், டார்ச், தெர்மாமீட்டர், அன்னைக்கு ராத்திரி போட வேண்டிய மாத்திரை மட்டும் ஒரு மூடியில. பாத்ரூம் போற வழியில மங்கலா ஒரு சீரோ வாட் பல்பு, காலைத் தடுக்குற மிதியடியை எடுத்துருங்க. நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மாத்திரைன்னு எழுதியிருந்தா, நேரத்தைச் சேத்து அமைக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

வாரத்துல ரெண்டு ராத்திரி வேற யாராவது காவலுக்கு வரணும். இதைக் கேக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. கடைசில கொழுந்தியா செவ்வாயும் மதினி வெள்ளியும் வந்து படுத்தாவ, கேட்டதும் "இதைச் சொல்ல இத்தனை நாளா"ன்னு சத்தம் போட்டாவ. அந்த ரெண்டு நாள் நான் தட்டட்டில (மொட்டை மாடியில) போய் ஏழு மணி நேரம் உறங்கினேன். ஆள் இல்லாதவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுத்த படுக்கையா இருக்கவங்களையும் வலியில இருக்கவங்களையும் வீட்டுக்கே வந்து பாக்க நர்ஸ் வருவாவ, அவங்க வர்ற நேரத்துலயாவது நீங்க கண்ணை மூடலாம்.

வண்டி ஓட்டுத துணைக்கு தனியா சொல்லுதேன். நான் விடியக்கால மார்க்கெட் ஓட்டத்தை விட்டுட்டு பகல் லோடுக்கு மாறினேன், வருமானம் குறைஞ்சுது, குறையட்டும்னு விட்டேன். ராத்திரி மோசமாப் போன நாள்ல ஸ்டீரிங்கைத் தொடாதீங்க, ஓட்டியே ஆகணும்னா கெளம்பதுக்கு முன்னாடி 20 நிமிஷம் உறங்கிட்டு எடுங்க, கண்ணாடியை இறக்கிவிட்டு பாட்டு வச்சா உறக்கம் போகும்னு நம்பாதீங்க, போகாது. கீமோ முடிஞ்சு அவங்களைக் கூட்டிட்டு வார அன்னைக்கு வேற ஆள் ஓட்டட்டும்.

கெட்ட ராத்திரி வரும். டெக்சா போட்ட நாள், ஸ்கேனுக்கு முந்தின நாள், வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்துலயோ சென்னை அடையார்லயோ லாட்ஜ்ல தங்குற நாள், நெல்லை எக்ஸ்பிரஸ்ல உக்காந்து போற நாள். அந்த ராத்திரிகளைக் கணக்குல சேக்காதீங்க, மறுநாள் அதே அஞ்சரைக்கு எந்திரிச்சு தார்சாவுல உக்காந்தா போதும், பகல்ல ஈடு கட்ட நீளமா உறங்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல மனசு இருண்டே கெடந்தா, வாழ்ந்து என்னத்துக்குன்னு தோணினா, அது நோயாளிக்கானாலும் துணைக்கானாலும் 14416க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி, தமிழ்ல பேசலாம், ராத்திரியும் எடுப்பாவ, காசு கிடையாது.

எங்க நோட்டுல எட்டாவது வாரம் எழுதினது: அவ பத்தேகாலுக்குப் படுத்து அஞ்சரைக்கு எந்திரிச்சிருக்கா, நடுவுல ஒருக்க முழிச்சிருக்கா, உறக்கம் ஆறேகால் மணி நேரம். என் பத்தியில ஆறரை மணி நேரம், மணி அடிச்சது ஒரு தடவை, வேர்வைத் துணி மாத்த. கீழ அவ கையெழுத்துல ஒரு வரி, "நான் மணி அடிச்சும் அவிய எந்திரிக்கல, நல்லா உறங்கட்டும்னு நானே மாத்திக்கிட்டேன்". அன்னைக்கே பெல்லுக்குப் புது பேட்டரி வாங்கி, சத்தத்தை ஒரு படி கூட்டி வச்சேன்.